நாலரை வயதுப் பிள்ளை சாப்பிட மறுக்கிறான்: ஏக்கமா, பிடிவாதமா, உணவுக்குழாயில் அலர்ஜியா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், தோட்டம் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் போடவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

அவருடைய அக்காவின் மகனுக்கு நாலரை வயது. அக்கா இரண்டு வருசமாகக் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். அத்தானுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். பிள்ளை சித்தியோடும் பாட்டியோடும் லயத்தில் வளர்கிறான். சாப்பாட்டு நேரம் என்றாலே வீட்டில் போராட்டம். ரொட்டியைப் பால் டீயில் ஊறவைத்தால்தான் வாயில் வைப்பான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பான். இறைச்சியோ சோயாமீட்டோ கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்து மென்று மென்று கடைசியில் துப்பிவிடுவான். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு மணிநேரம். வாரத்தில் மூன்று நாலு தடவை வாந்தி. நிறை 13 கிலோ, கிளினிக் கொப்பியில் கோடு ஒரு வருசமாக மேலே ஏறவில்லை. கை மடிப்புகளில் சொறி இருக்கிறது, குளிர்காலத்தில் இழுப்பு வரும், அத்தானுக்கும் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, வாந்தி சிரப் கொடுத்தாயிற்று, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல் இரண்டு கிழமை கொடுத்து நிறுத்தியாயிற்று. தொக்கு விழுந்திருக்கும் என்று பாட்டி ஒருவரிடம் கூட்டிப்போய் எடுத்தும் பார்த்துவிட்டார். போன மாதம் கல்யாண வீடொன்றில் கோழி இறைச்சித் துண்டு ஒன்று சிக்கி, அரை மணிநேரம் எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயால் வழியவிட்டபடி உட்கார்ந்திருந்தானாம். பிறகு வாந்தியோடு வெளியே வந்திருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு 11 சதவீதம். தனியார் லேப் ஒன்றில் செய்த அலர்ஜிப் பரிசோதனையில் பால், கோதுமை, இறால், தக்காளி, நிலக்கடலை என்று ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. இதையெல்லாம் போனில் தேடிப் பார்த்து, இது உணவுக்குழாயில் வரும் அலர்ஜி நோயாக இருக்குமோ என்று சித்தி பயப்படுகிறார். வீட்டில் மற்ற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 'தாய் இல்லாத ஏக்கம்.' அவருடைய கேள்விகள்: இரத்தத்தில் தெரிந்துவிட்டதால் நோய் உறுதிதானே? குழாய் விட்டுப் பார்க்காமல் முடியாதா? பாலையும் ரொட்டியையும் இப்போதே நிறுத்திவிடலாமா? அக்காவை வரச் சொல்ல வேண்டுமா?

தங்கச்சி, கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல என்னால் முடியாது, எந்த டொக்டராலும் முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமான சந்தேகம். இந்தப் பிள்ளையை ஒரு சிறுவர் நிபுணர் நேரில் பார்க்க வேண்டும், அதுவும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல். நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருப்பது அந்த நிபுணருக்குப் பெரிய உதவியாக இருக்கும். மூன்று நிமிடக் கிளினிக் சந்திப்பில் 'பிள்ளை சாப்பிடுறான் இல்ல டொக்டர்' என்று மட்டும் சொன்னால் இதில் பாதி வெளியே வராது.

ஏக்கம் என்பது ஏன் பொருந்தவில்லை

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதத்தில் ரொட்டியை நனைத்து ஊட்ட ஆரம்பித்தபோதே வாந்தி எடுப்பான், அப்போது அக்காதான் பார்த்துக்கொண்டார் என்று. அதுதான் முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி. அக்கா வெளிநாடு போனது பிள்ளைக்கு இரண்டரை வயதில். அதற்கு ஒன்றரை வருசத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட வாந்திக்கு அவர் போனதைக் காரணமாகச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு அம்மா இல்லாத ஏக்கம் இருக்கும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஏங்கும் பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கலாம், அழலாம், இரவில் எழும்பலாம். ஆனால் இறைச்சியை மட்டும் மென்று துப்புவதும், வாய்க்கு வாய் தண்ணீர் கேட்பதும், காய்ந்த ரொட்டியை ஊறவைத்தே தின்பதும் ஏக்கத்தின் அடையாளம் இல்லை. விழுங்குவதில் கஷ்டப்படும் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் வழிகள் அவை.

நாலு வயதுப் பிள்ளைக்கு 'தொண்டைக்குக் கீழே இறங்குதில்லை' என்று சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே விழுங்கிப் பழகியவனுக்கு அதுதான் சாதாரணம், மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சும்மா வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால்தான் நீங்கள் பயப்படும் இந்த உணவுக்குழாய் அலர்ஜி நோய் வயதுக்கு வயது வேறு முகம் காட்டும். சின்னப் பிள்ளைகளில் சாப்பிட மறுப்பது, வாந்தி, நிறை ஏறாமை. பள்ளிக்கூட வயதில் வயிற்றுவலி. பெரிய பிள்ளைகளிலும் வளர்ந்தவர்களிலும் சாப்பாடு சிக்கிக்கொள்வது. உங்கள் அக்கா மகனுக்கு இந்த வயதிலேயே ஒருமுறை சிக்கிவிட்டது. அதைக் 'கல்யாண வீட்டு அவசரத்தில் தின்றது' என்று விட்டுவிடக் கூடாது.

பாட்டிக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றோடு நிறுத்த வேண்டும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து ஒரு பக்கம், சாப்பாடு என்றாலே பயம் என்று பிள்ளை மனதில் பதிந்துபோவது இன்னொரு பக்கம். நோய் குணமான பிறகும் அந்தப் பயம் மட்டும் தங்கிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் இந்தத் தொக்கு எடுப்பதும் வேண்டாம். ஏற்கனவே வீங்கியிருக்கக்கூடிய இடத்துக்கு மேலே தொண்டையில் விரலை விடுவதும் வாந்தி எடுக்கவைப்பதும் பிள்ளைக்குக் கெடுதிதான் செய்யும். பாட்டி அன்பினால் செய்கிறார், அது எனக்குப் புரிகிறது. அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

நீங்கள் தேடிப் பிடித்த நோயின் முழுப்பெயர் இயோசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ். இயோசினோபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. குடலில் அவை இருப்பது வழமைதான், ஆனால் ஆரோக்கியமான உணவுக்குழாயின் உட்சுவரில் இருக்காது. சில பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு உணவின் புரதத்துக்கு எதிராக உடல் கிளம்பி, அந்த அணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்துவிடும். அவனுக்குக் கை மடிப்பில் சொறி வந்து தோல் தடித்துப்போகிறதே, அதே மாதிரி ஒரு தடிப்பு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொறி, இழுப்பு, மூக்கு ஒழுகுதல் உள்ள பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படும், குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தாலும் அப்படித்தான். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். வருசக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சுவர் இறுகிக் குழாய் ஒடுங்கத் தொடங்கும், அவசரம் என்று நான் சொல்வது அதனால்தான்.

மருத்துவத்துக்கும் இது புது நோய். 1990களில்தான் தனி நோயாகவே அடையாளம் கண்டார்கள். 1995இல் அமெரிக்காவில், எதுக்களிப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தும் குணமாகாத 10 பிள்ளைகளுக்கு வழக்கமான உணவுப் புரதங்களை நிறுத்தி, அமினோ அமிலத்தால் செய்த விசேட பால்மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள், உணவுக்குழாயில் இருந்த அணுக்களும் குறைந்தன. எதுக்களிப்பு மாதிரித் தெரிவதெல்லாம் எதுக்களிப்பு இல்லை என்று அதில் தெளிவாயிற்று. ஆகவே தோட்ட டிஸ்பென்சரியிலும் கிளினிக்கிலும் உங்களுக்குப் பூச்சி மருந்தும் வாந்தி மருந்தும் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வாந்தி எடுக்கும் மெலிந்த பிள்ளைக்கு முதலில் அவற்றைத்தான் யோசிப்பார்கள். ஒரு வருசமாகியும் கோடு ஏறவில்லை என்றால் அடுத்த படிக்குப் போயிருக்க வேண்டும், அதுதான் நடக்காமல் போயிருக்கிறது.

இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

இரத்தத்தில் இயோசினோபில் 11 சதவீதம் என்பது கூடுதல்தான். ஆனால் சொறிக்கும் கூடும், இழுப்புக்கும் கூடும், வயிற்றுப் பூச்சிக்கும் கூடும், உங்கள் அக்கா மகனுக்கு இந்த மூன்றுக்கும் வாய்ப்பு இருக்கிறது. மறுபக்கம், உணவுக்குழாய் முழுக்க இந்த அணுக்கள் குவிந்திருந்தும் இரத்தத்தில் சாதாரண அளவே காட்டும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே அந்த எண் நோயை உறுதியும் செய்யாது, இல்லை என்றும் ஆக்காது.

அலர்ஜிப் பட்டியல் இன்னும் சிக்கல். அந்தப் பரிசோதனை பார்ப்பது ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளை. நிலக்கடலை தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி மூச்சுத் திணறுகிறதே, அந்த உடனடி அலர்ஜிக்கு உரியது அது. உணவுக்குழாயில் நடப்பது வேறு வழியில், மெதுவாக, நாள் கணக்கிலும் கிழமைக் கணக்கிலும் நடப்பது. 'நேற்று ரொட்டி தின்றான் ஒன்றும் ஆகவில்லை, இன்று வெறும் சோறு தின்றான் வாந்தி' என்று நீங்கள் குழம்பியிருப்பதும் அதனால்தான். எந்த உணவு இந்த நோயைக் கிளப்புகிறது என்பதை இரத்தப் பரிசோதனையாலோ தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையாலோ நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் பெயர் வந்தது என்பதற்காகத் தக்காளியையும் இறாலையும் நிறுத்தியிருக்கிறீர்கள். பிள்ளை அவற்றைத் தின்றபோது உடனே தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எதுவும் வந்ததில்லை என்றால், இருக்கிற கொஞ்ச உணவையும் இன்னும் சுருக்கியதுதான் மிச்சம். நிலக்கடலை விசயத்தை மட்டும் நீங்களாகத் தீர்மானிக்காமல் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் விடாமல் முடியாதா?

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். இன்றைக்கு இந்த நோயை உறுதிப்படுத்த இருக்கும் வழி கமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில்கள் இருந்து, நோய்க்குறிகளும் பொருந்தி, வேறு காரணங்களும் இல்லை என்றால் அப்போதுதான் இந்தப் பெயரை வைக்கலாம்.

இதில் பெற்றோருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது. கமராவில் பார்க்கும்போது சில பிள்ளைகளின் உணவுக்குழாய் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். வேறு சிலருக்கு நீளவாக்கில் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள், வளையங்கள் தெரியும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று துணுக்கு எடுக்காமல் வந்துவிட்டால் நோய் தப்பிவிடும். அதுவும் ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. அணுக்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், ஆகவே மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலுமாகக் குறைந்தது ஆறு துணுக்குகள் எடுக்க வேண்டும், முதல் தடவை இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் சேர்த்து எடுப்பார்கள். நீங்கள் டொக்டருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'பார்க்க நல்லா இருந்தாலும் பயோப்சி எடுப்பீங்களா டொக்டர்?' என்று மரியாதையாகக் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மயக்க மருந்தால் மூளை கெட்டுப்போகும் என்று பக்கத்து லயத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பரிசோதனைக்குச் சின்னப் பிள்ளைகளை மயக்கத்தில் வைப்பது உண்மை. ஆனால் ஒரு மணிநேரத்துக்குள் முடியும் ஒரு தடவை மயக்கம் பிள்ளையின் அறிவு வளர்ச்சியைப் பாதிப்பதாகக் கைக்குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்விலேயே தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருநாள் தொண்டை நோவோடு சரி. இரத்தக் கசிவும் குழாயில் துளை விழுவதும் மிக அரிது, ஆனாலும் சம்மதப் படிவத்தில் அவற்றைச் சொல்லுவார்கள், கேட்டுப் பயந்துவிட வேண்டாம். நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் கூடுதலாகக் கவனிப்பது நெஞ்சுச் சளியைத்தான். இழுப்புள்ள பிள்ளைக்குத் தடிமனோ காய்ச்சலோ இருக்கும்போது மயக்கம் கொடுப்பது நல்லதல்ல. குறிப்பிட்ட திகதிக்கு முந்திய கிழமைகளில் இழுப்பு வந்திருந்தால் 'திகதி போய்விடுமே' என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கே போவது? நேரடியாகக் கொழும்புக்கு ஓடவோ, கடன் வாங்கித் தனியார் வைத்தியசாலைக்குப் போகவோ தேவையில்லை. முதலில் உங்களுக்குக் கிட்டிய டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ சிறுவர் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே நிபுணர் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுப்பார். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, கொழும்பில் சீமாட்டி றிஜ்வே இருக்கிறது, எதற்கு அனுப்புவது என்று அவரே தீர்மானிப்பார். அரசாங்க வைத்தியசாலையில் இந்த வைத்தியம் இலவசம். பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியிருப்பதால் காலையில் ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரும் திட்டம் சரிவராது, முந்திய நாளே அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட அத்தான் வர வேண்டும். சித்தி நீங்கள் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் தாயோ தகப்பனோ இருக்கும்போது சம்மதத்தை அவர்களிடம்தான் கேட்பார்கள். திகதி தெரிந்ததும் அத்தானைக் கடையில் சொல்லி லீவு எடுக்கச் சொல்லுங்கள். படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பாலையும் ரொட்டியையும் இப்போதே நிறுத்தலாமா?

இதில்தான் நீங்கள் அவசரப்பட்டுவிடக் கூடாது. இப்போதே நிறுத்தினால், உண்மையிலேயே பால்தான் காரணம் என்றால், எண்டோஸ்கோப்பி செய்யும் நாளில் அணுக்கள் குறைந்துபோயிருக்கும், 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வரும், நீங்கள் மறுபடி பால் கொடுப்பீர்கள், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பரிசோதனை முடியும்வரை பிள்ளை வழக்கமாகத் தின்பதைத் தின்னட்டும். ஓமிப்ரசோலும் இப்படித்தான். அது அமிலத்தைக் குறைப்பதோடு இந்த நோயுள்ள கணிசமான பிள்ளைகளுக்கு உணவுக்குழாயின் அழற்சியையும் குறைத்துவிடும். முன்பெல்லாம் இந்த மருந்துக்குக் கேட்காவிட்டால்தான் இந்த நோய் என்று சொன்னார்கள். 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல் அதை மாற்றி, அந்த மருந்தையே சிகிச்சைகளில் ஒன்றாக வைத்துவிட்டது. அதனால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி மறுபடி தொடங்க வேண்டாம். நிபுணர் தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள், எத்தனை கிழமை கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இழுப்புக்குப் பிரெட்னிசோலோன் குளிசை கொடுத்திருந்தால் அதையும் திகதியோடு எழுதுங்கள், அதுவும் முடிவை மறைக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 13 கிலோ பிள்ளையிடமிருந்து பாலையும் கோதுமையையும் ஒன்றாகப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? நம் லயங்களில் காலையில் ரொட்டி, இடையில் பிஸ்கட், அந்தியில் பாண், கூடவே பால் டீ. வயிற்றை நிரப்புவதே கோதுமை மாவும் பால்மாவும்தான். மாற்று என்னவென்று யோசிக்காமல் நிறுத்தினால் நோயைவிடப் பட்டினி முந்திக்கொள்ளும். நிறை குறைந்த பிள்ளை என்று மிட்வைஃப் மிஸ் திரிபோஷ கொடுத்திருப்பார், அதில் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் சேர்ந்திருக்கிறது. பாலை நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டு திரிபோஷ உருண்டை கொடுத்தால் நிறுத்தாத மாதிரித்தான். இப்போதைக்குத் திரிபோஷவையும் நிறுத்த வேண்டாம், அதில் பால் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், போதும்.

அதுவரை சாப்பாட்டின் வகையை மாற்றாமல் பதத்தை மட்டும் மாற்றுங்கள். சோற்றைக் குழைய வடித்துப் பருப்போடும் தேங்காய்ப்பாலோடும் பிசைந்து கொடுங்கள், முட்டை வழக்கமாகத் தின்பவன் என்றால் அவித்து நன்றாக மசித்துக் கொடுங்கள். இறைச்சி என்றால் நார் நாராகப் பிய்த்துக் குழம்பில் நனைத்து. துண்டாக வேண்டவே வேண்டாம். நிமிர்ந்து உட்கார வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, அவன் எடுக்கும் நேரத்தை எடுக்க விடுங்கள். பாலர் பாடசாலையில் நீங்களே மிஸ்ஸாக இருப்பது நல்லதாகப் போயிற்று, மற்றப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள் என்று அவனை யாரும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நோய் உறுதியானால்

சிகிச்சை மூன்று வழிகளில் போகும், எது என்பதை நிபுணரும் நீங்களும் வீட்டு நிலைமையைப் பார்த்துச் சேர்ந்து முடிவெடுக்கலாம். ஒன்று ஓமிப்ரசோல் வகை மருந்து, சரியான அளவில், மாதக் கணக்கில். நீங்கள் கொடுத்த இரண்டு கிழமை எதையும் தீர்மானிக்கப் போதாது. இரண்டாவது, இழுப்புக்குக் கொடுக்கும் பியூடசோனைட், புளூட்டிகசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்தை விழுங்கக் கொடுப்பது. அது உணவுக்குழாய்ச் சுவரில் படிந்து வேலை செய்ய வேண்டும், அதனால் கொடுத்த பிறகு அரை மணிநேரம் எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது. ஸ்டீரொயிட் என்ற பெயருக்குப் பயப்பட வேண்டாம், உடலுக்குள் சேர்வது கொஞ்சம்தான், வாயிலும் உணவுக்குழாயிலும் வெண்படலம் வருகிறதா, வளர்த்தி சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டில் இழுப்புப் பம்ப் இருக்கிறதே என்று நீங்களாக வாய்க்குள் அடித்துவிட வேண்டாம்.

மூன்றாவது உணவை விலக்குவது. பிள்ளைகளில் அதிகம் காரணமாக இருப்பது பால், அதற்கு அடுத்த வரிசையில் கோதுமை, முட்டை, சோயா. முன்பு இவற்றோடு கொட்டை வகைகள், மீன் வகைகள் என்று ஆறு வகை உணவையும் ஒன்றாக நிறுத்தினார்கள். இப்போது பாலை மட்டும் முதலில் நிறுத்திப் பார்ப்பதே பல இடங்களில் தொடக்கம், லயத்து வீட்டுக்கும் அதுதான் நடைமுறைக்குச் சரிவரும் என்பது என் அபிப்பிராயம். பால் மட்டும் என்றால் ரொட்டி இருக்கும், சோறு இருக்கும், தேங்காய்ப்பால் இருக்கும், கல்சியத்துக்கு நெத்தலியும் கீரையும் எள்ளும் இருக்கின்றன. பிஸ்கட் பைக்கட்டின் பின்பக்கத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் வாசிக்க வேண்டியிருக்கும். நிறுத்தும்போது போஷாக்கு ஆலோசகர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நீண்ட காலம் நிறுத்திய பாலைத் திரும்பத் தொடங்குவதும் டொக்டரிடம் கேட்டுத்தான், ஏனென்றால் சில பிள்ளைகளுக்கு அப்போது உடனடி அலர்ஜி கிளம்பக்கூடும்.

எந்த வழியாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்வார்கள். 'இப்போது வாந்தி இல்லையே, பிறகென்ன' என்று அதை விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் வெளியே தெரிவதும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, வாந்தி நின்ற பிள்ளையின் சுவரிலும் அணுக்கள் அப்படியே இருக்கலாம். டுபிலுமாப் என்ற ஊசியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2024இல் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதித்தார்கள், அதுவும் 15 கிலோவுக்குக் குறையாதவர்களுக்கு. விலையும் பயங்கரம். உங்கள் பிள்ளைக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை.

அதே நேரம், துணுக்கில் இந்த அணுக்கள் இல்லை என்றும் வரலாம். அப்போது எதுக்களிப்பு, பிறவியிலேயே ஒடுங்கிய குழாய், உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத நோய் என்று வேறு காரணங்களைத் தேடுவார்கள், அதற்குப் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினாலும் நிறை ஏறாதவரை விடாதீர்கள்.

மறுபடி சிக்கினால்

எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விசயம், அரை மணிநேரம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சோற்று உருண்டை, வாழைப்பழம், தண்ணீர் என்று எதையும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்து மேட்டுக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்திக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினாலோ நீலம் பாரித்தாலோ அது வேறு விசயம், மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. முதுகில் தட்டும் முதலுதவியை உடனே செய்ய வேண்டும், அதை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுச் செய்துகாட்டச் சொல்லிப் பழகுங்கள்.

அக்கா வரவேண்டுமா?

வைத்தியத்துக்காக அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வரத் தேவையில்லை. கிளினிக், துண்டு, திகதி, துணுக்கு ரிப்போர்ட், பிறகு சிகிச்சை, மறுபடி பரிசோதனை என்று இது மாதக் கணக்கில் போகும் வேலை. இன்றைக்கு வந்து இறங்கினாலும் நாளைக்கு முடியாது. ஏஜென்சிக் கடன் தீராமல் அவர் வந்தால் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்குமே வழி இல்லாமல் போகலாம். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை தொடங்கி உணவு மாற்றும் காலத்துக்கு அவர் வீட்டில் இருந்தால் நல்லது, அதற்கேற்ற மாதிரி விடுமுறையைப் பேசலாம். வார்டில் கூடத் தங்க நீங்களோ பாட்டியோ போதும்.

ஆனால் இன்று இரவு அவர் போன் எடுக்கும்போது ஒன்றைச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் 'நான் வந்ததாலதான் புள்ள இப்படி ஆயிட்டான்' என்று அழுகிறார் என்று எழுதியிருந்தீர்களே. இந்த நோய் தாய் பக்கத்தில் இல்லாததால் வருவதில்லை. அவர் கையால் ஊட்டிய காலத்திலேயே இது தொடங்கிவிட்டது, அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. பத்து மாதத்தில் எப்படி வாந்தி எடுத்தான், எதைக் கொடுத்தபோது எடுத்தான், தாய்ப்பால் மட்டும் குடித்த காலத்தில் இருந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கிளினிக் நாளில் முடிந்தால் டொக்டர் முன்னாலேயே போனில் பேசவையுங்கள். அந்தக் காகிதத்தையும், பிறந்ததிலிருந்து உள்ள கிளினிக் கொப்பியையும், மருந்துத் துண்டுகளையும், அவன் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடும் போன் வீடியோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு வரும் கிளினிக் நாளுக்கே போய்விடுங்கள். துணுக்கு ரிப்போர்ட் கைக்கு வரச் சில கிழமைகள் ஆகலாம். வந்ததும் அதில் இயோசினோபில் எத்தனை என்று எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் 'அழற்சி' என்று மட்டும் இருந்தால் எண்ணிச் சொல்லச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.